எண்ணெயை விட்டுத் தண்ணீரைக் கழுவிய 20 ஆண்டுகள்: விசாலியா மின்கம்ப நிலையத்தின் நிலத்தடி நீர்ச் சீரமைப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் விளைநிலங்களுக்கு நடுவே உள்ள விசாலியா என்னும் ஊரில், சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்ற மின் நிறுவனம் 1925 முதல் 1980 வரை மின்கம்பங்களைப் பதப்படுத்தும் நிலையம் ஒன்றை நடத்தி வந்தது. மொத்தப் பரப்பே ஏறத்தாழ 4 ஏக்கர்தான். மரக்கம்பங்கள் மண்ணுக்குள் நிற்கும்போது கரையானும் பூஞ்சையும் அரித்துவிடாமல் இருக்க, அவற்றைத் தொட்டிகளில் சூடான மருந்தெண்ணெயில் ஊற வைத்து எடுப்பது அங்கு நடந்த வேலை. தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் பல ஆண்டுகளாகக் கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் சுமார் 100 அடி ஆழம் வரை போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தின் சீரமைப்பு, நிலத்தடியில் நீராவியைச் செலுத்தி மாசகற்றும் முறைக்கு முதன்மையான சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் நீராவி வந்த பிறகு நடந்த மூன்று ஆண்டுகளைப் போலவே, அது வருவதற்கு முன் நடந்த ஏறத்தாழ 20 ஆண்டுகளையும் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த 20 ஆண்டுகளில் எந்தத் தவறான வேலையும் நடக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் செய்ததையே அங்கும் ஒழுங்காகச் செய்தார்கள். அப்படியும் மாசின் மூலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மண்ணுக்குள் போனது என்ன

தொடக்கம் முதலே அங்கு பயன்பட்டது கிரியோசோட் என்னும், நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கப்படும் கருநிற எண்ணெய். அது ஒரே வேதிப்பொருள் அல்ல. நாஃப்தலீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களிலிருந்து பென்சோபைரீன் போன்ற, புற்றுநோயை உண்டாக்கும் கனமான பொருள்கள் வரை நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. 1968 முதல் பென்டாகுளோரோபீனால் என்ற பூச்சிக்கொல்லியை டீசல் போன்ற எண்ணெயில் கரைத்தும் பயன்படுத்தினார்கள். தொழிற்சாலைத் தரத்தில் தயாரிக்கப்படும் பென்டாகுளோரோபீனாலில் டையாக்சின் வகை நச்சுகள் கழிவுக் கலப்பாகவே இருக்கும் என்பதால், நாளடைவில் விசாலியா மண்ணில் அவையும் சேர்ந்தன.

இவற்றில் கிரியோசோட்டின் குணம்தான் சீரமைப்பின் போக்கையே தீர்மானித்தது. அது தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். குளிர்ந்த நிலையில் கெட்டியாக, நகர மனமில்லாத எண்ணெயாக இருக்கும். பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதந்து நிற்கும். கிரியோசோட்டோ நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கும். மணல் துகள்களுக்கு இடையில் இழையிழையாகச் சிக்கிக்கொண்டும், களிமண் அடுக்கு குறுக்கிடும் இடங்களில் குட்டையாகத் தேங்கிக்கொண்டும் இறங்கும். விசாலியாவின் நிலம் பழைய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். மேல், இடை, ஆழம் என மூன்று நீர்த்தாங்கிகள் (நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மணற்பாங்கான அடுக்குகள்), அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் களிமண் அடுக்குகள் என்பது அதன் அமைப்பு. எண்ணெய் மேல் நீர்த்தாங்கியைக் கடந்து இடை நீர்த்தாங்கியின் அடி வரை சென்றிருந்தது. அதற்குக் கீழே இருந்த களிமண் அடுக்கு ஆழ நீர்த்தாங்கிக்குக் காவலாக நின்றது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். குடிநீரில் பென்டாகுளோரோபீனாலுக்கு அமெரிக்க அரசு வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதாவது ஒரே ஒரு கிராம், 10 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. பென்சோபைரீனுக்கு வரம்பு 0.2 மைக்ரோகிராம்; டையாக்சினில் மிக நச்சான வகைக்கு 30 பிக்கோகிராம் மட்டுமே (ஒரு மைக்ரோகிராமின் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம்). தண்ணீரில் கரையாத பொருள் என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. கரையாததாலேயே எண்ணெய் அங்கேயே தங்கி, தன்னைக் கடந்து செல்லும் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் கலந்துகொண்டே இருக்கும்.

இறைத்துச் சுத்திகரித்த காலம்

1975இல் நிறுவனம் நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியது. 1977இல் மாசுபட்ட பகுதியைச் சுற்றி, பென்டோனைட் களிமண் குழம்பால் சுமார் 60 அடி ஆழத்துக்கு நிலத்தடிச் சுவர் எழுப்பப்பட்டது. பின்னர் அந்த இடத்திலேயே நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. 1989இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த இடத்தைத் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ‘சூப்பர்ஃபண்ட்’ என்று பரவலாக அறியப்படும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான பட்டியல் அது. மாநில அரசின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை மேற்பார்வை செய்ய, செலவை மாசுக்குப் பொறுப்பான மின் நிறுவனம் ஏற்றது.

மாசுபட்ட நீரை மேலே கொண்டுவந்து, சுத்திகரித்து, வெளியேற்றும் இந்த முறை அன்று ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கையாளப்பட்டதுதான். அதற்கென்று ஒரு பயன் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கிணறுகள் ஓயாமல் இறைப்பதால் சுற்றிலும் உள்ள தண்ணீர் உள்நோக்கிச் சாய்கிறது. மாசு அக்கம்பக்கத்துக் கிணறுகளை நோக்கி நகர்வது தடைபடுகிறது. ஊர்க் குடிநீருக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் இது சாதாரணக் காரியம் அல்ல.

ஆனால் அகற்றப்பட்ட மாசின் அளவைப் பார்த்தால் கதை வேறு. வாரத்துக்குச் சுமார் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ அளவுக்கே வேதிப்பொருள் வெளியே வந்துகொண்டிருந்தது. இறைக்கப்படும் தண்ணீர், எண்ணெய் தேங்கிய இடத்தைத் தொட்டுச் செல்லும்போது கரையக்கூடிய சொற்பத்தை மட்டுமே எடுத்து வருகிறது. எண்ணெய் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. போதாக்குறைக்கு, மணலுக்கு இடையிடையே உள்ள களிமண் மடிப்புகள் பல ஆண்டுகளாக உள்ளிழுத்து வைத்திருந்த மாசை, மணலில் ஓடும் நீர் தெளியத் தெளியத் திரும்ப வெளியே விடுகின்றன. பம்பை நிறுத்திச் சில மாதம் கழித்து மாதிரி எடுத்தால் அளவு மறுபடி ஏறியிருக்கும். இத்துறையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது: வரைபடத்தில் கோடு முதலில் வேகமாக இறங்கும், பிறகு படுக்கையாக நீளும், பம்பை நிறுத்தினால் நிமிரும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புச் சட்டியில் பச்சைத் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும், வழிந்தோடும் தண்ணீர் தெளிவாகத் தெரியுமே தவிரச் சட்டி சுத்தமாகாது.

1994இல் அதிகாரப்பூர்வத் தீர்வு முடிவு செய்யப்பட்டபோது, மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை ஊக்குவித்து மாசைச் சிதைக்கும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கரைந்த நிலையிலுள்ள மாசுக்கு அது பொருத்தமான வழி. தேங்கிக் கிடக்கும் எண்ணெய்க்கு அது போதாது. எண்ணெய்க் குட்டையின் நடுவில் எந்த நுண்ணுயிரும் வாழ்ந்து வேலை செய்ய முடியாது. மூலத்தை வேறு வழியில் எடுத்தாக வேண்டும் என்ற நிலையில்தான் நீராவி பேச்சுக்கு வந்தது.

நீராவி

நீராவி புதிய எண்ணம் அல்ல. விசாலியாவுக்குத் தெற்கே உள்ள கெர்ன் மாவட்டத்தின் எண்ணெய் வயல்களில், கெட்டியான கச்சா எண்ணெயை இளக்கி எடுப்பதற்காக 1960களிலிருந்தே நிலத்துக்குள் நீராவி செலுத்தி வந்தார்கள். அதை மாசகற்றும் கருவியாக மாற்றும் ஆராய்ச்சியில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கென்ட் யூடெல், லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தின் ராஜர் ஐன்ஸ், ராபின் நியூமார்க் ஆகியோர் முக்கியமானவர்கள். 1993இல் லிவர்மோர் ஆய்வக வளாகத்திலேயே, பழைய நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்திருந்த பெட்ரோலை இம்முறையில் அகற்றிப் பார்த்தார்கள். 28,000 லிட்டருக்கும் மேல் வெளியே வந்தது. அது பெட்ரோல், எளிதில் ஆவியாகும். கிரியோசோட்டும் அப்படி வருமா என்ற கேள்விக்கு விடை அப்போது இல்லை.

1997 மே மாதத்தில் விசாலியாவில் வேலை தொடங்கியது. மாசுபட்ட பகுதியின் விளிம்பைச் சுற்றி 11 செலுத்துக் கிணறுகள். நடுவே வெளியே இழுக்கும் கிணறுகள். கிணறுகளை இப்படி வளையமாக வைத்ததில்தான் இந்த வடிவமைப்பின் சாரம் இருக்கிறது. மாசின் நடுவில் நீராவியைச் செலுத்தினால் இளகிய எண்ணெய் நாலாபுறமும் ஓடி, சுத்தமாக இருந்த மண்ணையும் கெடுத்துவிடும். வெளியிலிருந்து உள்நோக்கிச் செலுத்தும்போது நீராவியின் முகப்பு எண்ணெயைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நடுக் கிணறுகளை நோக்கி வருகிறது.

மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. சூடு ஏறும்போது முதலில் எண்ணெயின் பாகுத்தன்மை குறைகிறது. மணல் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்தது நகரத் தொடங்குகிறது. அடுத்து, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து இருக்கும்போது அவற்றின் ஆவியழுத்தங்கள் கூடிவிடுவதால், தனியாகக் கொதிக்க 218 பாகை செல்சியஸ் தேவைப்படும் நாஃப்தலீன், தண்ணீரோடு சேர்ந்து 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகிவிடுகிறது. யூகலிப்டஸ் எண்ணெய் வடிப்பவர்களுக்குத் தெரிந்த அதே நீராவி வடிப்புதான் இது. பென்சோபைரீன் போன்ற கனமானவை அப்படி எளிதில் ஆவியாவதில்லை. அவை இளகிய எண்ணெயோடு எண்ணெயாகவே கிணற்றுக்கு வந்து சேர வேண்டும்.

களிமண் மடிப்புகளுக்குள் நீராவி நேரடியாக நுழையாது. மணலில் பரவிய வெப்பம் மெதுவாக அவற்றுக்குள் கடத்தப்படும். அதனால் நீராவியை ஓயாமல் செலுத்தாமல், விட்டு விட்டுச் செலுத்தினார்கள். மண் முழுவதும் சூடான பிறகு நீராவியை நிறுத்தி, கிணறுகளில் வெற்றிட பம்பால் அழுத்தத்தைக் குறைத்தால், ஏற்கெனவே கொதிநிலையை ஒட்டி நிற்கும் களிமண்ணுக்குள்ளிருக்கும் தண்ணீர், அழுத்தம் குறைந்த அந்தக் கணத்தில் தானாகவே கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி தன்னோடு மாசையும் களிமண்ணிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. சாதாரண இறைப்புக்கு 20 ஆண்டுகளாக அசைந்து கொடுக்காத அதே களிமண்தான் இது.

முதல் ஆறு வாரங்களில் மட்டும் சுமார் 3 லட்சம் பவுண்டு, அதாவது 136 டன் வேதிப்பொருள் அகற்றப்பட்டது அல்லது சிதைக்கப்பட்டது. வாரத்துக்கு நாலரைக் கிலோ என்ற பழைய வேகத்தில் இதை எடுக்க 600 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்திருக்கும். 2000 ஜூன் மாதத்தில் நீராவி நிறுத்தப்பட்டபோது மொத்தம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 600 டன், அகற்றப்பட்டிருந்தது. பழைய வேகத்தில் இது 2,500 ஆண்டு வேலை. இந்த ஒப்பீட்டை எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது முழு நியாயமான ஒப்பீடு அல்ல, ஏனெனில் இறைப்பு முறை பரவலைத் தடுப்பதைத்தான் செவ்வனே செய்துவந்தது. எண்ணெயை எடுப்பது அதற்கு இயலாத வேலை. ஆனால் அதன் பெயரில் ஆண்டுதோறும் வந்த செலவுக் கணக்கு ‘சுத்திகரிப்பு’ என்றே எழுதப்பட்டது என்பதையும் மறக்க முடியாது.

அந்த 600 டன் எப்படிப் போனது என்ற கணக்கும் சுவையானது. ஏறத்தாழப் பாதி, எண்ணெயாகவே மேலே வந்தது. மீதிப் பாதியில் ஒரு பகுதி ஆவியாகவும், ஒரு பகுதி இறைத்த நீரில் கரைந்தும் வந்தது. இன்னொரு பகுதி மண்ணுக்குள்ளேயே சிதைந்தது. மேலே வந்த ஆவியில் குளிர்ந்து திரவமாகாததைக் கொதிகலன்களின் நெருப்பிலேயே எரித்தார்கள். மண்ணுக்குள் சிதைந்த பகுதிக்குக் காரணம், நீராவியோடு சேர்த்துச் செலுத்தப்பட்ட காற்று. சூடான நீரில் ஆக்சிஜன் கிடைத்தால் கிரியோசோட்டின் சேர்மங்கள் மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடாகின்றன. வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு கிரியோசோட்டிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? நிலக்கரியின் வயது பல கோடி ஆண்டுகள் என்பதால் அதில் கதிரியக்கக் கார்பன்-14 மிச்சமிருக்காது; அண்மைக் காலத் தாவரக் கழிவு மட்கி வரும் வாயுவில் இருக்கும். லிவர்மோர் ஆய்வகத்தினர் கார்பன் ஐசோடோப்புகளை அளந்தே அந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீராவி எங்கே போகிறது என்பதை அறிய, மின்தடை அளவீட்டு முறையைக் கையாண்டார்கள். கிணறுகளில் இறக்கிய மின்முனைகளுக்கு இடையே மண் மின்சாரத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தால், சூடான மண்ணும் குளிர்ந்த மண்ணும் வேறுவேறாகத் தெரியும். அந்தப் படங்களையும் வெப்பநிலை அளவுகளையும் வைத்து, எந்தக் கிணற்றில் நீராவியைக் கூட்டுவது, எதில் குறைப்பது என்று முடிவு செய்தார்கள். இப்படி ஒரு கண் இல்லாமல் செலுத்தியிருந்தால், நீராவி தனக்கு எளிதான மணல் தடத்தில் மட்டும் ஓடி, மற்ற இடங்களைத் தொடாமலே விட்டிருக்கும்.

பயப்படத்தக்க ஆபத்தும் ஒன்று இருந்தது. இளகிய எண்ணெய் இடை நீர்த்தாங்கியின் அடியிலுள்ள களிமண் அடுக்கைத் துளைத்து ஆழ நீர்த்தாங்கிக்கு இறங்கிவிட்டால், சீரமைப்பே புதிய மாசுக்குக் காரணமாகிவிடும். இரண்டாம் கட்டத்தில் அந்த அடுக்குக்குக் கீழேயும் நீராவி செலுத்தப்பட்டது. கீழேயும் கொதிநிலை இருந்தால், இறங்கும் எண்ணெய் அங்கே தங்க இடமின்றி ஆவியாகவோ கிணற்றை நோக்கியோ திரும்ப வேண்டியிருக்கும். களிமண் அடுக்கும் மேலும் கீழுமாக இருபுறமிருந்தும் சூடாகும்.

அதற்குப் பின்

நீராவியோடு வேலை முடிந்துவிடவில்லை. சூடான மண்ணில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்ச் சிதைவை ஊக்குவிக்கும் வேலையும், நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலையும் 2004 வரை தொடர்ந்தன. 1994இல் முதன்மைத் தீர்வாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நுண்ணுயிர் முறை இப்போதுதான் தனக்குரிய இடத்துக்கு வந்தது: எண்ணெய் போன பிறகு எஞ்சிய சொற்பத்தைத் தின்று தீர்ப்பது. இறைப்பு முறைக்கும் அப்படியே. மூலம் நீங்கிய பிறகு பம்பை நிறுத்தினாலும் கோடு நிமிரவில்லை. நிலத்தடி நீரில் பென்டாகுளோரோபீனால், பென்சோபைரீன், டையாக்சின் ஆகிய மூன்றும் குடிநீர் வரம்புக்குள் வந்தன. தொடர்ந்து கண்காணித்த பிறகு, 2009 செப்டம்பரில் இந்த இடம் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தண்ணீரைவிடக் கனமான எண்ணெய் தேங்கிய ஓர் இடத்தில், நிலத்தடி நீர் குடிநீர்த் தரத்துக்குத் திரும்பியது மிக அரிதான முடிவு.

இதை அப்படியே எடுத்து வேறிடத்தில் நட்டுவிடலாம் என்று எண்ணுவதற்கு முன் சில சூழ்நிலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். விசாலியாவின் மணற்பாங்கான வண்டலில் நீராவி தடையின்றிப் பரவியது. பிளவுண்ட பாறையிலோ தடித்த களிமண்ணிலோ அது நடக்காது. மாசுபட்ட பரப்பு சிறியது. குளிர்ந்த நிலத்தடி நீர் வேகமாகப் பாய்ந்து வரும் இடமாக இருந்தால் கொதிகலனின் வெப்பத்தில் பெரும்பகுதி அதைச் சூடாக்குவதிலேயே கரைந்திருக்கும். நிலத்தின் உரிமையாளர், மாசுக்குப் பொறுப்பானவர், பணம் கொடுப்பவர் மூவரும் ஒரே நிறுவனம். ஆலை மூடி, நிறுவனம் கலைந்து, யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் இடங்களில் முதல் கொதிகலன் வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். செலவு 2 கோடி டாலருக்கு மேல். மூன்று ஆண்டுகள் நீராவி உண்டாக்க எரித்த எரிபொருளின் புகையும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர வேண்டியதே. குரோமியம், ஆர்சனிக் போன்ற உலோக மாசுகளுக்கு இம்முறை உதவாது. அவை கொதித்துப் போகக்கூடியவை அல்ல. தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய வேதிப்பொருள் ஆலைகள் விட்டுச்சென்ற இடங்களைப் பற்றிப் பேசும்போது விசாலியாவை மேற்கோள் காட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பலரும் கவனிக்காத இன்னொன்று, மேலே அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்திறன். வாரத்துக்கு நாலரைக் கிலோ வந்துகொண்டிருந்த இடத்துக்குத் திடீரென வாரத்துக்கு 20 டன் வந்தால், எண்ணெயும் வெந்நீரும் ஆவியும் கலந்து வரும் அந்தக் குழம்பைப் பிரித்து, கார்பன் வடிகட்டிகள் வழியாகச் செலுத்தி வெளியே விடுவதற்கு ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். நீராவித் திட்டங்களைப் பற்றிய உரையாடல்களில் கொதிகலனைப் பற்றிப் பேச்சு நிறைய இருக்கும். பிரிப்புத் தொட்டியைப் பற்றி இருக்காது. கிணறுகள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும், பிரிப்புத் தொட்டி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு லிட்டர்கூட இழுக்க முடியாது.

பட்டியலிலிருந்து நீங்கியதால் அந்த நிலம் எல்லாப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்பட்டது என்று பொருள் அல்ல. தண்ணீர் குடிநீர்த் தரத்தை எட்டினாலும், மண்ணுக்கு வைத்த இலக்கு தொழிற்பயன்பாட்டுக்கான தரம் மட்டுமே. ஆகவே அந்த 4 ஏக்கரில் வீடு, பள்ளி, மருத்துவமனை போன்றவை கட்டுவதற்கும், ஆழமாகத் தோண்டுவதற்கும், கிணறு போடுவதற்கும் தடை விதிக்கும் ஒப்பந்தம் நில ஆவணத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டுள்ளது. நிலம் கைமாறினாலும் அது புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும்.